வாங்காத காது

“காதுல ஆப்ரேசன்னு சொல்ற, காது வோணான்றியே நைனா” என்றாள் கடைக்காரம்மா.

கேட்டது என் கணவரிடம். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். பூந்தமல்லியைத் தாண்டி, சென்னீர்குப்பம் பக்கம் இருந்த ஒரு சின்ன மாதா கோயில் வாசல். சனிக்கிழமை சாயங்காலம். மெழுகுவர்த்தி உருகும் வாசனையும் நெடுஞ்சாலை லாரிகளின் டீசல் புகையும் சேர்ந்து மூக்கில் ஏறிக்கொண்டிருந்தன.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உடம்பில் எது சரியாக வேண்டுமோ அதன் உருவத்தை, மெல்லிய வெள்ளித் தகட்டில் அச்சடித்து விற்பதை வாங்கி, மாதாவின் காலடியில் வைத்து வேண்டிக்கொள்வோம். கண், கை, கால், இதயம், பிள்ளை வேண்டுமென்றால் தொட்டில். அந்தக் கடையில் எல்லாம் ஒரு தாம்பாளத்தில் குவிந்து கிடந்தன.

என் கணவர் சவரிமுத்து அவற்றைக் கிளறி மூன்றை எடுத்தார். ஒரு முகம், ஒரு கண், ஒரு கால். மூன்றும் எனக்காகத்தான். எனக்குப் பாதி முகம் சரியாக அசையாது, இடது கண் முழுக்க மூடாது, நடந்தால் கால் ஒரு பக்கமாக இழுக்கும். என்ன வேண்டுதல் என்று கடைக்காரம்மா பேச்சுக் கொடுத்தாள். காதுக்குப் பின்னால் ஆபரேஷன் என்று அவர் சொன்னார். உடனே அவள் தாம்பாளத்தின் அடியில் துழாவி ஒரு காதை எடுத்து நீட்டினாள்.

அவர் அதைத் தொடவில்லை. “இது மூணும் போதும்மா” என்றார்.

அப்போதுதான் அவள் அப்படிக் கேட்டாள். அவர் மூன்று தகடுகளையும் கைக்குட்டையில் முடிய ஆரம்பித்தார். எனக்குக் கேட்காதது இடது காதுதான். வலது காது நன்றாகவே கேட்கும்.

லைன் கோளாறு

நான் பிறவியிலேயே சந்தேகப்பிராணி. இதில் மறைக்க ஒன்றுமில்லை. பால்காரர் ஊற்றிவிட்டுப் போனால் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்ப்பேன். பக்கத்து வீட்டில் கதவை மெதுவாகச் சாத்தினால், ஏன் இவ்வளவு மெதுவாகச் சாத்துகிறார்கள் என்று யோசிப்பேன். அப்படிப்பட்ட நான் சந்தேகப்படாமல் விட்டுவைத்த ஒரே சாமான் என் காது.

எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். வெளியிலிருந்து வரும் போனை போர்டில் செருகி, உள்ளே இருக்கிற அறைகளுக்கு இணைத்துக் கொடுக்கும் வேலை. ரிசீவரை இடது தோளுக்கும் இடது காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் கம்பியைச் செருகவும் வேண்டும், பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளவும் வேண்டும். பத்து வருஷத்தில் என் கழுத்தே அந்தப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

ஒரு நாள் பேசுகிறவர்களின் குரலெல்லாம் மெலிய ஆரம்பித்தது. பம்பாய்க்காரர் பேசினாலும் சரி, பட்டாபிராம்காரர் பேசினாலும் சரி, தகர டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவது மாதிரி இருந்தது. லைன் கோளாறு என்று புகார் கொடுத்தேன். லைன்மேன் வந்து பார்த்துவிட்டுப் போனார். மறுபடி புகார் கொடுத்தேன். மூன்றாம் முறை வந்தவர் சலித்துப்போய், “லைன்ல ஒண்ணும் இல்லம்மா. நீங்களே இந்தப் பக்கம் வச்சுக் கேளுங்க” என்று ரிசீவரைப் பிடுங்கி என் வலது காதில் வைத்தார்.

குரல் கணீரென்று கேட்டது. அந்த நல்ல மனிதர் மேல் நான் மனசுக்குள் எத்தனை பழி போட்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

அதற்கப்புறம் நடந்ததை இந்தத் தொடரில் போன வாரமே எழுதிவிட்டேன். புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக இவ்வளவு மட்டும். காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் ஒரு கட்டி. புற்று இல்லை. ஆனால் விட்டுவைத்தால் மூளையை நெருக்கும். பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்க ஆபரேஷன் செய்து எடுத்தார்கள்.

சத்தம் எங்கிருந்து?

ஆபரேஷன் ஒரு நாள். அதிலிருந்து எழுந்திருக்கத்தான் மாதக்கணக்கானது.

ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. என் கணவர் அங்கே பிட்டர். ஏழு வயது மகளை நெமிலிச்சேரியில் என் அக்கா வீட்டில் விட்டிருந்தோம். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து சமையலறைக்கும், சமையலறையிலிருந்து கட்டிலுக்கும் போவேன். சுவர் முடிகிற இடத்தில் தரை சாயும். என் உள்ளங்கை பட்டுப் பட்டு அந்தச் சுண்ணாம்புச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு விழுந்துவிட்டது.

இடது கண் மூடாது. மருந்து போட்டு, பிளாஸ்திரி ஒட்டித்தான் தூங்க வேண்டும். காபி குடித்தால் வாயின் ஓரத்தில் வழியும். சிரித்தால் பாதி முகம் சிரிக்கும், மீதி பாதி என்னை முறைக்கும். கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிட்டேன்.

இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். ஒற்றைக் காதால் கேட்பது இருக்கிறதே, அதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. சத்தம் வரும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. வாசலில் பேசினாலும் கொல்லையில் பேசினாலும் எல்லாம் வலது பக்கத்திலிருந்தே வரும். யாராவது என் பெயரைச் சொன்னால் தப்பான பக்கம் திரும்புவேன். திரும்பி முடிப்பதற்குள் பேச்சு நின்றிருக்கும். சந்தேகப்பிராணிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

என் கணவர் மேல்தான் முதல் சந்தேகம். மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குப் போவோம். டாக்டர் என்னைப் பார்த்து முடித்ததும், “நீ வெளிய உக்காரு பிலோ, மருந்து சீட்டு வாங்கிட்டு வந்துடறேன்” என்பார். ஒரு சீட்டு வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். வரும்போது அவர் முகம் எண்ணெய் தடவி வழித்த மாதிரி இருக்கும். ஒன்றையும் படிக்க முடியாது.

“காது எப்பங்க வரும்?” என்று கேட்பேன்.

“நரம்பு மெதுவாத்தான் வளருமாம். அவசரப்படாதே.”

ஒவ்வொரு தடவையும் அதே வாக்கியம். ஒரு வார்த்தை கூடாது, ஒரு வார்த்தை குறையாது. பேசுகிறவர்களின் குரலை வைத்தே பிழைப்பு நடத்தியவள் நான். மனப்பாடம் செய்த பேச்சு எனக்குத் தெரியாதா?

பவானியின் துப்பு

ஆறேழு மாதம் கழித்து முகத்து நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக உயிர் பெற்றது. ஆனால் தாறுமாறாக. வாயை அசைத்தால் இடது கண் தானாகச் சுருங்கி மூடும். கரையான்சாவடியில் ஒரு கடையில் “அரைக் கிலோ துவரம்பருப்பு” என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டு நிறுக்கச் சொன்னார். நான் பருப்பு கேட்டுக்கொண்டே கண்ணடித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்துதான் புரிந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அடுத்த வினோதம், சாப்பிட உட்கார்ந்தால் இடது கண்ணிலிருந்து நீர் கொட்டும். எச்சில் ஊற வேண்டிய நரம்பு வழி தப்பிக் கண்ணுக்குப் போய்விட்டதாம். இதை டாக்டர் பிற்பாடு சொன்னார். அதற்குள் பக்கத்து வீட்டு பவானி ஒரு தீர்ப்பே எழுதிவிட்டாள்.

பவானி பட்டாபிராமிலேயே பிறந்து வளர்ந்தவள். மதியம் குழம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“இன்னாக்கா, சோத்துல கைய வச்சாலே அழுவுற?”

“நான் அழலடி. தானா வருது.”

“எங்கைல மறைக்காத. உங்க ஊட்டுக்காரரு எதுனா சொன்னாரா?”

“அவர் ஒண்ணும் சொல்லல.”

“அதாங்க்கா கேக்கறேன். அந்தாளு இன்னாத்தையோ மனசுல வச்சிகினு கீறாரு. கொயாயாண்ட குடத்த வச்சிட்டு தண்ணி ரொம்பி வயியிறதுகூட தெரியாம நிக்கிறாரு. நா ரெண்டு வாட்டி பாத்துட்டேன்.”

கண்ணீர் விஷயத்தில் பவானி சொன்னது தப்பு. ஆனால் குழாயடியில் நின்ற மனிதரைப் பற்றி அவள் சொன்னது எனக்குள் இறங்கிவிட்டது. என்ன மறைக்கிறார்? கட்டி மறுபடி வளர்கிறதா? நான் சாகப் போகிறேனா? வேறு யாராவது பெண்ணா? மூன்றையும் மாற்றி மாற்றி யோசித்தேன். மூன்றாவதை யோசிக்கும்போது மட்டும், நான் கண்ணடித்ததாக நினைத்துக்கொண்ட பருப்புக் கடைக்காரரின் முகம் ஞாபகம் வந்து, ரொம்ப தூரம் போக முடியவில்லை.

கொதிக்கிற பால்

தினமும் காலையில் அவருடைய கைக்கடிகாரத்தை எடுத்து இடது காதில் வைத்துப் பார்ப்பேன். ஒன்றும் கேட்காது. வலது காதில் வைத்தால் டிக் டிக். மறுபடி இடது. இப்படி ஒன்பது மாதம்.

ஒரு காலையில் கடிகாரத்தை வைத்ததும் இடது பக்கம் ஏதோ இரைந்தது. அடுப்பில் பால் பொங்கி வருமுன் ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி. கடிகாரத்தை எடுத்த பிறகும் அது நிற்கவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். சுவரைக்கூடப் பிடிக்காமல் சமையலறைக்கு ஓடினேன்.

“என்னங்க, காதுல சத்தம் வருது. இடது காதுல.”

அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அந்த மாதங்களில் காலைச் சமையல் அவருடையது. கத்தி நின்றது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “அப்படியா” என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தார்.

ஒன்பது மாதமாகக் காத்திருந்த சேதி வந்திருக்கிறது, இந்த மனிதர் வெங்காயம் நறுக்குகிறார். எனக்கு வந்த கோபத்தில் கடிகாரத்தை அலமாரிக்குள் விட்டெறிந்தேன். காது செத்தவர்களுக்கும் அந்த இரைச்சல் வரும், சிலருக்கு ஆயுளுக்கும் இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த வாரச் சனிக்கிழமைதான், “மாதா கோயிலுக்குப் போய் வேண்டிக்கிட்டு வருவோமா?” என்று அவராகவே கேட்டார்.

மூன்று தகடு

இப்போது கடை வாசலுக்கு வருகிறேன்.

கைக்குட்டையை முடிந்துகொண்டு அவர் கோயிலுக்குள் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். அவர் மூன்று தகடுகளையும் மாதாவின் காலடியில் வரிசையாக வைத்தார். முழங்காலிட்டார். நான் முழங்காலிடவில்லை. நின்றபடி அந்த மூன்றையும் பார்த்தேன்.

சவரிமுத்துவை எனக்குத் தெரியும். என்னிடம் ஒரு பேச்சுக்குப் பொய் சொல்லுவார். மாதாவிடம் சொல்ல மாட்டார். கிடைக்காது என்று தெரிந்த ஒன்றைக் கேட்டு அந்தக் காலடியில் தகடு வைக்க அவருக்குக் கை வராது.

அவர் எழுந்து வெளியே வந்ததும் கேட்டேன். “காது ஏங்க வாங்கல?”

“மூணே போதும்னுதான்.”

“சத்தம் வருதுன்னு நான் சொன்னேன். அப்பவும் வாங்கல. என் காது வராதா?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே இருந்தார். மாட்டி முடிந்த பிறகும் குனிந்தே இருந்தார்.

“மாதாகிட்ட எப்படிப் பிலோ கேப்பேன்? நான்தான கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஆபரேஷனுக்கு முதல் நாள் டாக்டர் அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார். கட்டியை முழுசாக எடுக்கக் காது வழியாகத்தான் போக வேண்டும், கேட்கிற நரம்பை வெட்ட வேண்டிவரும், அந்தக் காது திரும்பாது, சம்மதமா என்று கேட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் வியாதிக்காரியிடம் யார் சொன்னார்கள்? புருஷனிடம் சொல்வார்கள். உயிர் இருந்தால் போதும் என்று இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“உங்க அக்காவுக்கு. உன் ஆபீஸ் மேனேஜருக்கு.”

“மேனேஜருக்கு எதுக்கு?”

“போர்டுல உன்னால உக்கார முடியாதுன்னு... தபால் பிரிவுல ஒரு இடம் தர்றேன்னு சொல்லியிருக்காரு. நீ கொஞ்சம் தேறினதும் சொல்லலாம்னு இருந்தேன்.”

ஆக, எல்லோரும் என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். என்னவோ மறைக்கிறார்கள் என்று ஒன்பது மாதமாக நான் சந்தேகப்பட்டது சரி. சரியாக இருந்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. என்னைத் தவிரத் தெரியாத ஒரே ஆள் பவானி.

“காதைக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்” என்றேன். “என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எடுத்துட்டீங்களே. அன்னைக்கே சொல்லியிருந்தா, இந்த ஒம்பது மாசமும் வலது காதுல போனை இடுக்கிப் பழகியிருப்பேன். கடிகாரத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருக்க மாட்டேன்.”

அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. சாப்பிட்டால்தானே எனக்குக் கண்ணீர் வரும் என்று அந்த நேரத்திலும் ஒரு கோணல் நினைப்பு வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரை என் இடது பக்கத்தில் உட்கார வைத்தேன். அவர் வழியெல்லாம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். உதடு அசைவது தெரிந்தது. ஆவடி வரை நான் ஒன்றையும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை நான் தனியாக ரயிலேறி அம்பத்தூர் போனேன். மேனேஜரிடம் ஒரு வாரம் போர்டில் உட்கார அனுமதி கேட்டேன். போனில் முகம் தெரியாது, ஒரு காது இருந்தால் போதும் என்று சொன்னேன். வலது தோளில் ரிசீவரை இடுக்கினால் வலது கையால் எழுத வராது. அதனால் இடது கையால் எழுதப் பழகினேன். முதல் வாரம் எழுதியதை எனக்கே படிக்கத் தெரியவில்லை. கழுத்து இப்போது வலது பக்கம் திருகிக்கொண்டது. இருந்தாலும் இடம் கிடைத்தது. தொண்ணூறுகளில் தானாக இணைக்கும் மிஷின் வரும்வரை அந்த நாற்காலியில் நான்தான் இருந்தேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில்

ரொம்ப வருஷம் கழித்து அவர் முறை வந்தது. சிறுநீரகத்தில் கட்டி. வேறொரு ஆஸ்பத்திரி. டாக்டர் வயசில் சின்னவர். வாசலில் நின்றபடி, “அம்மா, கொஞ்சம் வெளிய வாங்க” என்றார்.

எத்தனையோ வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை அது. நான் நகரவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டேன். “இங்கேயே சொல்லுங்க டாக்டர். அவரோட உடம்பு. அவருக்குத் தெரியணும்.”

டாக்டர் தயங்கினார். பிறகு உட்கார்ந்து சொன்னார். ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட வேண்டும். வேறு இடத்துக்குப் பரவியிருக்கிறதா என்பது வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். பரவியிருந்தால் செய்வதற்கு அதிகமில்லை. சம்மதப் படிவத்தையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு, ஏதோ பெரிய நியாயம் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

சவரிமுத்து படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு போர்வையின் ஓரத்தைச் சின்னச் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தார்.

“ஏன் பிலோ அவரை உள்ள கூப்பிட்ட?”

“உங்களுக்குத் தெரிய வேண்டாமா?”

“எனக்கு வேணுமா வேண்டாமான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

நான் பைக்குள் பேனாவைத் தேடினேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். மூன்று நாள் கழித்து ஆபரேஷன் நடந்தது. பரவவில்லை, பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த மூன்று நாளும் அவர் ஒரு வாய் சோறு ஒழுங்காகச் சாப்பிடவில்லை, ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கவில்லை. பயந்த கண்ணோடு என் கையைப் பிடித்தபடி கிடந்தார். எனக்குக் காது போய்விட்டது என்பது தெரியாத அந்த ஒன்பது மாதத்தில், கண்ணில் பிளாஸ்திரி ஒட்டிய கையோடு நான் படுத்துத் தூங்கிவிடுவேன். நாளைக்குக் கேட்கும் என்று நினைத்துக்கொண்டு, ஒரு நாள் விடாமல் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.